சேருமா, சேராதா: யாழ்ப்பாணத்து விறாந்தையில் ஒரு விதித்தொகுப்பு

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. நால்வர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்ள, ஐந்தாமவரான நான் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துகிறேன். எண்ணியது நடக்குமா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதன் விதிகளில் பெரும்பகுதியை, இப்போதைய உரிமையாளரான விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டொக்கியுமென்ட் 5.1’ என்ற பெயரில் தொகுத்து, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கும்படி விட்டது. நான் இங்கே மதிப்பிடுவது அந்தத் தொகுப்பைத்தான்.

கணினியில் 400 பக்கங்களுக்கு மேல் வரும் அந்தக் கோப்பைத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஓர் அச்சுக் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, இரண்டு கொப்பிகளாகச் சுருள் கம்பி போட்டு வைத்திருக்கிறோம். படங்கள் இல்லாத தொகுப்பு என்பதால் அச்சில் எதுவும் கெடவில்லை. பன்னிரண்டு வகுப்புகளும் (போர்வீரர், பூசாரி, மந்திரவாதி என்று பாத்திரம் ஏற்கும் தொழில்கள்) இதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் உட்பிரிவுதான் தரப்பட்டிருக்கிறது, பாத்திரத்தின் பின்னணிக்கு ஒரேயோர் மாதிரியும், சிறப்புத் தேர்ச்சிக்கு ஒரேயொரு மாதிரியும்தான் உள்ளன. இதனைக் குறையென்று சொல்லுவோர் உண்டு. எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் மேசையில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி எத்தனை ஆற்றல்கள் இருக்கின்றன என்பதல்ல. கையிலிருக்கும் இரண்டு ஆற்றல்கள் ஒன்றோடொன்று சேருமா என்பதே.

முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். அந்தச் சீட்டாட்டத்தில் ஜக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் முதலிலேயே தெரியும். ஓரினத்துக்கு 76 என்று நான்கு இனங்களையும் கூட்டினால் 304 வரும். துரும்பு எது என்பதுதான் மறைவு. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸில் எதுவும் மறைவில்லை, எல்லா விதியும் அச்சில் கிடக்கிறது. ஆனால் ஓர் ஆற்றலின் மதிப்பு அதற்குப் பக்கத்தில் எந்த ஆற்றல் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆற்றல்கள் கூடலாம், ஒன்றை மற்றது விழுங்கலாம், அல்லது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். இவற்றுள் எது நடக்கும் என்பதை அநேகமாக எல்லா இடத்திலும் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் இந்தத் தொகுப்பின் பெரிய பலம்.

இந்தக் கேள்வி எங்களிடம் முதன்முதலில் ‘பிளெஸ்’ மந்திரத்தில் எழுந்தது. அது மூன்று பேர்வரை ஆசி வழங்கி, அவர்களுடைய தாக்குதல் வீச்சிலும் (தாக்க எறியும் பகடை) தற்காப்பு வீச்சிலும் (ஆபத்திலிருந்து தப்ப எறியும் பகடை) நான்கு முகப் பகடையொன்றைச் சேர்த்துக்கொள்ள விடும். எங்கள் குழுவில் இரண்டு கிளெரிக்குகள் (தெய்வ அருளால் மந்திரம் சொல்லும் பூசாரிகள்) இருந்தார்கள். “அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் ஒராளுக்கே ஆசி குடுத்தால் ரெண்டு பகடையோ?” என்று குழுவில் இளையவன் கேட்டான். மந்திரங்கள் பற்றிய பகுதியில் இதற்கு நேர்விடை இருக்கிறது: ஒரே மந்திரம் பலமுறை பட்டாலும் அதன் பலன் ஒருமுறைதான், வேறு வேறு மந்திரங்களென்றால் பலன்கள் கூடும். அதன் பின்னர் ஒருத்தர் ‘பிளெஸ்’ சொல்ல, மற்றவர் ‘ஷீல்ட் ஒஃப் ஃபெய்த்’ சொல்லி முன்வரிசையில் நிற்பவரின் கவச எண்ணில் (அவரைத் தாக்க எதிரியின் வீச்சு எட்ட வேண்டிய எண்) 2 கூட்டும் வழக்கம் எங்களிடம் வந்துவிட்டது. இரண்டும் மனக்குவிப்புக் கேட்கும் மந்திரங்கள். ஒருவரால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும் என்பதால் இரண்டு கிளெரிக்குகள் இருப்பதன் பயனும் அங்கேதான் தெரிந்தது.

கவசமில்லாத தற்காப்பில் விதி இதைவிடக் கடுமையானது. பார்பேரியன் என்ற முரட்டுப் போர்வீரருக்குக் கவச எண் 10உடன் லாவகம், உடலுறுதி என்ற பண்புகளின் கூட்டெண்களும். மொங்கு என்ற துறவி வீரருக்கு 10உடன் லாவகமும் விவேகமும். லாவகம் 2, மற்ற இரண்டும் ஆளுக்கு 3 என்று வைத்தால் எந்த வழியிலும் 15 வரும். இரண்டு வகுப்பையும் கலந்து 18 எடுக்கலாம் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் முதலில் எந்த வகுப்பில் இந்த ஆற்றல் கிடைத்ததோ அதுவே நிலைக்கும், இரண்டாவது வகுப்பிலிருந்து அதை மறுபடி பெற முடியாது என்று வகுப்புக் கலப்புப் பகுதி சொல்லிவிடுகிறது. ஆகவே எந்த வரிசையில் கலக்கிறோம் என்பதே முடிவாகிறது. பார்பேரியனாகத் தொடங்கியவர் கேடயம் பிடித்து 17 ஆக்கலாம். மொங்காகத் தொடங்கியவர் கேடயத்தைத் தொட்டவுடன் விவேகத்தின் பங்கை இழந்து 14க்கு இறங்கிவிடுவார்.

அடுத்தது அனுகூலமும் பிரதிகூலமும். அனுகூலம் இருந்தால் 20 முகப் பகடையை இரண்டு தரம் எறிந்து கூடியதை எடுக்கலாம். பிரதிகூலத்தில் குறைந்ததை எடுக்க வேண்டும். 11 அல்லது மேல் வேண்டிய இடத்தில் 50 வீதமாக இருந்த வாய்ப்பு அனுகூலத்தால் 75 வீதமாகிறது. 20 மட்டுமே வேண்டிய இடத்தில் 5 வீதம் 9.75 வீதமாகத்தான் ஏறுகிறது. எத்தனை காரணங்களால் அனுகூலம் வந்தாலும் ஒரு பகடைதான் கூடும் என்பதும், இரண்டும் ஒருங்கே இருந்தால் எண்ணிக்கை பாராமல் இரண்டும் நீங்கும் என்பதும் விதி. கணக்கு எளிது, ஆட்டம் வேகமாக ஓடுகிறது. இந்த எளிமையை நான் மனதார விரும்புகிறேன். எனினும் இதனால் விளையும் ஒரு முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டவெளியில் எட்டத்தில் நிற்கும் எதிரிக்கு வில்லெய்தால் தூரத்தின் காரணமாகப் பிரதிகூலம். அதே எதிரிக்கும் எனக்கும் நடுவே அடர்ந்த மூடுபனி இறங்கினால், அவனை நான் காணாதது இன்னொரு பிரதிகூலம், என்னை அவன் காணாதது ஓர் அனுகூலம். எல்லாம் நீங்கி, சாதாரண வீச்சு வந்து நிற்கிறது. பனிக்குள் எய்வது வெயிலில் எய்வதைவிட நன்றாகப் படும் என்ற முடிவை எங்கள் மேசையில் ஒருவரும் ஏற்கவில்லை. நாங்கள் அந்த ஓரிடத்தில் மட்டும் தூரத்தின் பிரதிகூலம் நீங்காது என்று சொந்த விதி வைத்திருக்கிறோம்.

இந்தத் தொகுப்பை நான் உளமார மெச்சும் இடம், வெவ்வேறு பக்கங்களில் கிடக்கும் விதிகள் யாரும் எதிர்பாராமல் சந்திக்கும் இடம். ரோக் என்ற கள்வர் வகுப்பின் மறைதாக்கு, அனுகூலம் இருக்கும்போது ஆறு முகப் பகடைகளை மேலதிகமாகத் தரும். அதற்கு லாவகத்தால் ஏந்தக்கூடிய மெல்லிய ஆயுதமோ, வில் போன்ற தூர ஆயுதமோ வேண்டும். பலரும் இதை வாசித்துவிட்டு, லாவகத்தால்தான் தாக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. ஆயுதம் அந்த வகையைச் சேர்ந்திருந்தால் போதும், தாக்குவது பலத்தாலும் ஆகலாம். மறுபக்கத்தில் பார்பேரியன் இரண்டாம் நிலையில் (நிலை என்பது பாத்திரம் அனுபவத்தால் ஏறும் தரம்) பெறும் மூர்க்கத் தாக்கு, பலத்தால் அடிக்கும் கைகலப்புத் தாக்குதல்களுக்கு அந்த முறை முழுவதும் அனுகூலம் தருகிறது. விலையாக, அடுத்த முறைவரை எதிரிகளுக்கும் அவர்மேல் அனுகூலம் உண்டு. பார்பேரியனின் இன்னோர் ஆற்றலான ஆவேசமும் பலத்தால் அடிக்கும் அடியின் சேதத்துக்குத்தான் 2 கூட்டுகிறது. ஆகவே ரேப்பியர் என்ற மெல்லிய வாளைப் பலத்தால் வீசும் ஒரு பார்பேரியன் ரோக், யாருடைய உதவியுமின்றித் தனக்குத் தானே அனுகூலம் உண்டாக்கி, ஆவேசத்தையும் மறைதாக்கையும் ஒரே அடியில் சேர்த்துவிடுகிறார்.

இதனை எங்கள் குழுவில் கண்டுபிடித்த தங்கை கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினார். பலத்தின் கூட்டெண் 3 எனக் கொண்டால், பார்பேரியன் 2, ரோக் 1 என்ற நிலையில் ஓர் அடி பட்டால் சராசரிச் சேதம் 13. அதே மூன்றாம் நிலையில் பெரிய வாளேந்திய தனிப் பார்பேரியனுக்கு 12. வேறுபாடு ஒன்றுதானே என்று அன்று நான் சொன்னேன். நிலைகள் ஏறிய பின்னர்தான் கலப்பின் உண்மையான பலம் வேறோரிடத்தில் இருப்பதைக் கண்டேன். ஆவேசம் வெட்டு, குத்து, மோது சேதங்களைப் பாதியாக்கும்; இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். ரோக் ஐந்தாம் நிலையில் ஓர் அடியின் சேதத்தை எதிர்வினையால் பாதியாக்கலாம். இரண்டு தாங்குதிறன்கள் இருந்தால் ஒன்றாகத்தான் கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ரோக்கின் விலகல் தாங்குதிறன் அல்ல, தனி ஆற்றல். ஆகவே 20 சேதம் முதலில் 10 ஆகி, தாங்குதிறன் கடைசியில் கணக்கிடப்படுவதால், பின்னர் 5 ஆகிறது. மூர்க்கத் தாக்குக்குக் கொடுக்கும் விலையை இந்தக் கால்வாசி ஈடுசெய்துவிடுகிறது.

பிடித்தலும் வீழ்த்தலும் சேரும் இடமும் அப்படியே. பிடிபட்டவரின் வேகம் பூச்சியம். விழுந்து கிடப்பவர் எழுவதற்குத் தன் வேகத்தில் பாதியைச் செலவிட வேண்டும். வேகம் பூச்சியமானால் எழவே முடியாது. ஆகவே ஒரு முறையில் இரண்டு தாக்குதல் பெற்ற ஐந்தாம் நிலைப் பார்பேரியன் ஒன்றால் பிடித்து மற்றதால் வீழ்த்திவிட்டால், பிடி விடும்வரை எதிரி நிலத்திலேதான் கிடப்பான், ஐந்து அடிக்குள் நிற்கும் தோழர்கள் எல்லோருக்கும் அனுகூலம். ஆவேசம் பலச் சோதனைகளுக்கும் அனுகூலம் தருவதால் இது பெரும்பாலும் கைகூடும். தூரத்திலிருந்து எய்பவருக்கு மட்டும் பிரதிகூலம். எங்கள் வில்லாளி இந்தத் தந்திரத்தை ஒருபோதும் விரும்பியதில்லை.

குறையென்று அழுத்திச் சொல்ல வேண்டியது அடுக்குமுறையை. பிடித்தல் தாக்குதல்களோடும், எழும் விதி நகர்வோடும், ஆவேசம் வகுப்போடும், ‘பிடிபட்ட’ என்ற நிலையின் விளக்கம் இன்னோரிடத்திலும் கிடக்கின்றன. ஆவேசத்தில் இருப்பவர் மந்திரம் சொல்லவோ மனக்குவிப்பைத் தாங்கவோ முடியாது என்ற முக்கியமான தடை பார்பேரியன் பகுதியில்தான் உண்டு. மனக்குவிப்புப் பற்றிய பத்தியில் அதன் குறிப்பில்லை. கிளெரிக் 2, விசார்ட் (ஏடு பயின்ற மந்திரவாதி) 3 என்று கலந்தவர் ஐந்தாம் நிலை மந்திரவாதிக்குரிய, மந்திரம் சொல்லும் வாய்ப்புகளைப் பெறுவார், ஆனால் மூன்றாம் படி மந்திரம் எதையும் கற்றிருக்கமாட்டார் என்பதை நாங்கள் விளங்கிக்கொள்ள இரண்டு ஞாயிறுகள் எடுத்தன. அவரிடமுள்ள மூன்றாம் படி வாய்ப்பு, ‘கியூர் வூண்ட்ஸ்’ போன்ற சிறிய மந்திரத்தைப் பெரிதாகச் சொல்லவே உதவும்.

2024இல் திருத்தப்பட்ட விதிகளுக்கு உரிய 5.2 தொகுப்பு 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டது. அதில் விதிச்சொற்களுக்கு அகரவரிசை விளக்கம் இருப்பதால் தேடும் தொல்லை பெரிதும் தீர்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் சேர்க்கைகள் மாறியிருக்கின்றன. பிடித்தலை இப்போது எதிரியின் தற்காப்பு வீச்சு தீர்மானிக்கிறது; தாக்குபவர் சோதனை எறிவதில்லை என்பதால் ஆவேசத்தின் அனுகூலம் அங்கே உதவாது. பலடின் என்ற புனிதப் போர்வீரரின் தெய்வீக அடி மந்திரமாக்கப்பட்டு, மேலதிகச் செயலைக் கேட்கிறது. ஆகவே முன்போல ஒரே முறையில் ஒவ்வொரு அடிக்கும் அதைச் சேர்க்க இயலாது. பலடினுக்கு வந்த மாற்றம் நியாயமானது, ஓர் ஆள் ஒரே முறையில் சண்டையை முடித்துவிட்டால் மற்ற மூவருக்கும் வேலையில்லை. பிடித்தலுக்கு வந்த மாற்றம் எனக்கு வருத்தமே.

5.1ஐ அச்சிட எண்ணுபவர்கள் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. பின்பாதியை நிறைக்கும் மாயப் பொருள்களும் விலங்குகளும் அரக்கர்களும் நடத்துபவருக்கு மட்டுமே வேண்டும். வகுப்புக் கலப்பு, சண்டை, மந்திர விதிகள், ‘பிடிபட்ட’ போன்ற நிலைகளின் விளக்கம் ஆகிய நான்கு பகுதிகளையும் ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்தால் போதும். எங்கள் மேசையில் அந்தப் பக்கங்கள்தான் ஓரம் கறுத்துக் கிழிந்திருக்கின்றன. அடுத்த மாதம் அவற்றை மட்டும் தடித்த தாளில் மறுபடி எடுக்கப்போகிறோம்.