குழந்தைக்கு நீச்சல்: அழவைக்கும் வகுப்பா, பாட்டு வகுப்பா, வேலியா?

ஃப்ளோரிடாவில் நீச்சல் குளம் வைத்த வீடு ஆடம்பரம் இல்லை. நடுத்தரக் குடும்பத்து வீட்டுப் பின்பக்கத்திலும் ஒன்று கிடக்கும். அப்படி ஒரு வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது மகளுக்கு ஒன்பது மாதம். சோஃபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தாள். பால் காய்ச்சிய மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து கேட்ட முதல் கேள்வி: "குழந்தையை ஐ.எஸ்.ஆரில் சேர்த்துவிட்டீர்களா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையான குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். சரி, என்னென்ன வழி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஐ.எஸ்.ஆர். என்றால் இன்ஃபன்ட் ஸ்விம்மிங் ரிசோர்ஸ். ஹார்வி பார்னெட் என்பவர் 1966இல் இதே ஃப்ளோரிடாவில் தொடங்கியது. 6 மாதக் குழந்தை முதல் 6 வயது வரை சேர்க்கிறார்கள். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 10 நிமிடம், ஏறக்குறைய 6 வாரம். ஒரு பயிற்சியாளர், ஒரு குழந்தை. பெற்றோர் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னும் நடக்காத குழந்தைக்குச் சொல்லித் தருவது ஒன்றே ஒன்று: தண்ணீரில் விழுந்தால் மூச்சைப் பிடித்துப் புரண்டு, மல்லாந்து மிதந்து, யாராவது வரும்வரை அப்படியே கிடப்பது. நடக்கிற குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதல். குப்புற நீந்த வேண்டும், மூச்சு வாங்க மல்லாந்துகொள்ள வேண்டும், மறுபடி திரும்பி நீந்திப் படியையோ கரையையோ பிடிக்க வேண்டும். கடைசியில் சட்டை, பேன்ட், டயப்பர் எல்லாம் மாட்டித் தண்ணீரில் இறக்கிப் பார்க்கிறார்கள். நீச்சலுடை போட்டுக்கொண்டு யாரும் தவறி விழுவதில்லையே.

இன்னொன்று பாட்டு வகுப்பு. ஒய்.எம்.சி.ஏ. போன்ற இடங்களில் 6 மாதத்திலிருந்து 3 வயது வரை, அம்மாவோ அப்பாவோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற வகுப்பு. வாரம் ஒருநாள், அரை மணி நேரம். வெதுவெதுப்பான தண்ணீர், பந்து, பொம்மை, பாட்டு. குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கும். போட்டோ நன்றாக வரும். இதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

ஐ.எஸ்.ஆர். வகுப்பில் போட்டோ எடுக்கும் மனநிலை இருக்காது. நான் வேடிக்கை பார்க்கப்போன அன்று பதினோரு மாதக் குழந்தை ஒன்று வாயைப் பிளந்து அலறிக்கொண்டே மல்லாந்து மிதந்தது. "அழுகிறது என்றால் மூச்சு விடுகிறது என்று அர்த்தம்" என்றார் பயிற்சியாளர். உண்மைதான். ஆனாலும் என் மனைவி இரண்டு நிமிடத்தில் எழுந்து காருக்குப் போய்விட்டாள். மதுரையிலிருந்து வந்திருந்த என் அத்தை மட்டும் அசையாமல் கடைசிவரை பார்த்தார்கள். திரும்பி வரும்போது, "இதுக்குப்போய் டாலரைக் கொட்டணுமா மாப்பிள்ளை? எங்க ஊர்ல இடுப்புல கயித்தைக் கட்டிக் கிணத்துல இறக்கிவிட்டா நாலு நாள்ல நீந்திரும்" என்றார்கள். கொஞ்ச தூரம் போனபிறகு அவர்களே, "ஆனா அதுக்கு ஏழெட்டு வயசாவது ஆகியிருக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன்.

அழுகையைப் பார்த்து இந்த இரண்டையும் எடைபோடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். ஊசி போடும்போதும் குழந்தை அழத்தான் செய்கிறது. பார்க்க வேண்டியது, குழந்தை எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறது என்பது. பாட்டு வகுப்பில் பழகிய குழந்தைக்குத் தண்ணீர் என்றால் அம்மாவின் கை, சிரிப்பு, பொம்மை. பயம் போய்விடுகிறது, திறமை வந்திருக்காது. பின்பக்கம் குளம் இருக்கிற வீட்டில் இது எனக்கு உவப்பான சேர்க்கையாகப் படவில்லை. கையில் மாட்டும் காற்றுப் பட்டையும் இதே ரகம். அது குழந்தையை நட்டுக்குத்தலாக நிற்கவைத்தே மிதக்கவிடுகிறது. பட்டை இல்லாமல் அதே நிலையில் நின்றால் நேராகக் கீழேதான் போகும். குழந்தையின் கழுத்தில் மாட்டும் வளையத்தைப் பற்றியோ அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் எச்சரிக்கையே விட்டது.

மல்லாந்து மிதக்கத் தெரிந்த குழந்தை விஷயத்தில் வேறொரு ஆபத்து, அது குழந்தையிடம் இல்லை, பெற்றோரிடம். "அவளுக்குத்தான் மிதக்கத் தெரியுமே" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிற ஆபத்து.

அப்புறம் ஆதாரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000இல், 4 வயதுக்கு முன் குழந்தைகள் முறையான நீச்சலுக்குத் தயாராவதில்லை என்றது. 2010இல் அந்தப் பிடியைத் தளர்த்தியது. 2019இல் ஒரு வயதிலிருந்தே வகுப்பு பயன்தரலாம் என்றது. இடையில் நடந்தது 2009இல் வெளியான ஓர் ஆய்வு. 1 முதல் 4 வயதில் முறையான நீச்சல் வகுப்புக்குப் போன குழந்தைகள் மூழ்கி இறக்கும் வாய்ப்பு 88% குறைவு என்று அது சொன்னது. வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லோரும் இந்த எண்ணைக் காட்டுவார்கள். ஆய்வில் இருந்த குழந்தைகள் சொற்பம் என்பதால் உண்மையான பயன் இதைவிட மிகக் குறைவாகவும் இருக்கலாம் என்பதை யாரும் காட்டுவதில்லை. அது பொதுவாக நீச்சல் வகுப்புகளைப் பற்றியது, ஐ.எஸ்.ஆர். முறையைத் தனியாக எடுத்து அளந்ததும் இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வகுப்பும் மூழ்கும் ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதே சங்கம் 2019இலும் சொல்கிறது. ஆகவே 6 மாதத்தில் சேருங்கள் என்கிற விளம்பரத்தை நான் தாண்டிப் போய்விட்டேன்.

அத்தை சொன்ன ஏழெட்டு வயதுக்கு இப்போது வரலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுப்பதை 6 வயதிலிருந்து அது பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு அது சொல்வது வகுப்பு இல்லை, பகல்நேரக் காப்பகம். வங்கதேசத்தின் கிராமங்களில் வீட்டைச் சுற்றிக் குட்டைகள். அம்மா அடுப்படியில் இருக்கிற காலை நேரத்தில்தான் குழந்தை நழுவிப்போகிறது. அங்கே 'ஆஞ்சல்' என்ற பெயரில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை ஓர் ஆளின் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். குட்டையில் மூங்கில் மேடை கட்டி நீச்சல் கற்றுத்தரும் திட்டமும் அங்கேயே உண்டு, அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னதைத் தண்ணீரிடமிருந்து விலக்கி வை, பெரியதற்கு நீந்தக் கற்றுக்கொடு. இதைத்தான் கிணற்றுக் கயிற்றைப் பற்றி அத்தையும் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் காப்பகத்தின் வேலையைச் செய்வது வேலி. ஃப்ளோரிடாவில் 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய வீட்டுக் குளங்களுக்குச் சட்டப்படி ஏதாவது ஒரு பாதுகாப்பு வேண்டும். வேலியாக இருக்கலாம், மூடியாக இருக்கலாம், கதவில் அலாரமாகவும் இருக்கலாம். இந்த 'ஏதாவது ஒன்று'தான் ஓட்டை. எங்களுக்கு வீட்டை விற்றவர் அலாரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார். அதில் பேட்டரியும் இல்லை. வீட்டுச் சுவரையே நாலாவது பக்கமாகக் கொண்ட வேலியோடு ஒப்பிட்டால், குளத்தை நாலு பக்கமும் தனியாக அடைக்கிற வேலி மூழ்கும் வாய்ப்பை 83% குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குளத்தில் மூழ்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை குளிக்கிற நேரத்தில் நடப்பவை இல்லை. குழந்தை வீட்டுக்குள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக் கதவு வழியாகப் போய் விழுந்தவை.

அதனால் என் வரிசை இது. முதலில் வேலி, 4 அடிக்குக் குறையாமல், தானாகச் சாத்திக்கொண்டு தானாகத் தாழ் விழும் கதவோடு. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், குற்றவுணர்வே வேண்டாம். மீதி இருந்தால், ஒரு வயது தாண்டியபிறகு மிதக்கும் வகுப்பு. பாட்டு வகுப்பு பொழுதுபோக்குக் கணக்கில் வரும். அபார்ட்மென்டில் இருக்கிறவர்களுக்கு, குளத்துக்கு வெளியே ஏற்கனவே பூட்டிய கதவு இருக்குமானால், 4 வயதில் சாதாரண நீச்சல் வகுப்பே போதும் என்பேன்.

மகளை 14 மாதத்தில் ஐ.எஸ்.ஆரில் சேர்த்தோம். வாரத்துக்கு நூறு டாலருக்கு மேல் ஆனது. தினமும் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், வயிறு போனதா என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. குழந்தைகள் தண்ணீரை அதிகம் விழுங்கி ரத்தத்தில் சோடியம் குறைந்துபோனதை 1980களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தோடு தூக்கிவிடுவது எனக்கு ஆறுதல். மூன்று வாரம் அழுதாள். நாலாவது வாரம் பயிற்சியாளரைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஆறாவது வாரம் ஜீன்ஸோடு மிதந்தாள்.

பிறகு மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து தண்ணீரில் விட்டபோது பாதியை மறந்திருந்தாள். உயரமும் எடையும் கூடி, பழைய மிதப்பு அவளுக்குப் பொருந்தவில்லை. வளர வளர மறுபயிற்சி வேண்டும் என்று சேர்க்கும்போதே சொன்னார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. இதற்கும் பணம். வேலிக்கு மறுபயிற்சி கிடையாது.

மதுரையில் இருந்த அந்த மூன்று மாதத்தில் குளம் இல்லை, குளியலறையில் வாளியும் கொல்லையில் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. இந்த வயதில் தலை கனம். எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகுப்புற வாளிக்குள் போனால் புரளவே இடம் கிடையாது, ஆறு வாரம் படித்த மிதப்பு அங்கே செல்லாது. வாளியை அத்தை தினமும் கவிழ்த்து வைத்தார்கள். தொட்டிக்கு மட்டும் ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் மூடி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு எண்ணூறு ரூபாய் ஆனது.