ஷாம்பு பார்: நாலு வழி, ரெண்டு குழாய்

எங்கள் வீட்டில் ரெண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி அணைத் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: குடிக்க, சமைக்க நல்ல தண்ணீர், குளிக்க, துவைக்க உப்புத் தண்ணீர். ஷாம்பு பார் (தலைக்குப் போடும் கட்டி) பற்றிச் சொல்ல வந்துவிட்டுக் குழாயில் ஆரம்பிக்கிறேனே என்று பார்க்காதீர்கள். மூணு வருஷமாக நாலு வழியிலும் செய்து, லிட்டர் கணக்கில் எண்ணெயையும் கொஞ்சம் முடியையும் வீணடித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: கட்டிக்குள் செம்பருத்தி இருக்கிறதா கரிசலாங்கண்ணி இருக்கிறதா என்று தலைமுடி கேட்பதே இல்லை, எந்தத் தண்ணீரில் அலசுகிறாய் என்றுதான் கேட்கிறது.

நாலு வழி என்றால், காஸ்டிக் சோடா போட்டு எண்ணெயிலிருந்து நாமே சோப்பு செய்வது, கடையில் விற்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றுவது, எஸ்சிஐ என்ற நுரைக்கும் தூளில் சோப்பில்லாத கட்டி பிடிப்பது, கடைசியாக எந்தக் கட்டியும் வேண்டாம் என்று அரப்புக்கே (உசிலை இலைப் பொடி) போய்விடுவது.

முதலில் காஸ்டிக் சோடா, ஏனென்றால் எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். செய்கிற சுகமே தனி, அதை மறுக்க மாட்டேன். நான் செய்த அளவு: தேங்காயெண்ணெய் 250 கிராம், நல்லெண்ணெய் 175, விளக்கெண்ணெய் 75, இதற்கு சோடா 74 கிராம், தண்ணீர் 150 கிராம். எண்ணெயில் ஐந்தாறு சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி போட்ட கணக்கு இது. எண்ணெயை மாற்றினால் சோடாவும் மாறும், அதனால் சோப்பு கால்குலேட்டரில் போட்டுப் பார்க்காமல் யார் சொன்ன அளவையும் (என்னுடையதையும் சேர்த்து) நம்பாதீர்கள், கிராம் தராசு இல்லாமல் இறங்கவும் வேண்டாம். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும்; சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் கிளப்பும், எவர்சில்வர் போதும். கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடித்தால், கொஞ்ச நேரத்தில் தோசை மாவு பதத்துக்கு வரும், கரண்டியிலிருந்து விட்டால் மேலே ஒரு கோடு நின்று மெதுவாக மறையும். அதை அச்சில் ஊற்றி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெட்டி, நாலிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். அந்த ஆறு வாரம்தான் சோதனை. நான் தினமும் போய் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துத் தலைக்குப் போட்டேன், போர் தண்ணீரில். நுரை பிரமாதம். காய்ந்த பிறகு தலையைத் தொட்டால் மெழுகுவர்த்தியைத் தொட்ட மாதிரி இருந்தது, சீப்பில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. "தலை பழகிக்கொள்ளும், ஒரு மாதம் பொறுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்களே, நானும் நம்பினேன். ஒரு மாதமும் சீப்பைக் கழுவியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் ரெண்டு கண்ணாடி பாட்டில் எடுத்தேன். ஒன்றில் சிறுவாணி, ஒன்றில் போர் தண்ணீர், ரெண்டிலும் அதே சோப்பைச் சீவல் சீவலாகப் போட்டுக் குலுக்கினேன். சிறுவாணி பாட்டிலில் மேலே கெட்டியான நுரை, கீழே லேசாக மங்கிய தண்ணீர். போர் பாட்டிலில் நுரை கொஞ்சம் எழுந்து அடங்கிவிட்டது; திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திரிகள் மிதந்தன, பாட்டிலைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கூடவே ஏறின. என் தலையில் இருந்தது அதுதான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன. பாத்ரூம் வாளியின் உள்பக்கம் படிகிற அதே கறை. இதில் தலை பழகுவதற்கு என்ன இருக்கிறது?

போதாததற்குக் காரத்தன்மை வேறு. எந்த எண்ணெயில் செய்தாலும், எவ்வளவு நாள் ஆற வைத்தாலும் சோப்பின் பிஎச் (ஏழுக்கு மேல் காரம், கீழே புளிப்பு என்று காட்டும் அளவு) 9, 10 என்றுதான் நிற்கும். தலைத்தோல் ஐந்தரையை ஒட்டிய லேசான புளிப்பில் இருக்கிறது. காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் விரிந்துகொண்டு ஒன்றோடொன்று சிக்கும். டை அடித்த தலையென்றால் சாயமும் சீக்கிரம் போகும். "எலுமிச்சைச் சாறு சேர்த்து பிஎச்சைக் குறைத்த ஷாம்பு சோப்பு" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சோப்பின் பிஎச்சை ஐந்தரைக்கு இறக்கினால் அது சோப்பாகவே இருக்காது, பிரிந்து எண்ணெய்ப் பிசுக்காகிவிடும்.

வழியே இல்லையா என்றால், பாதி வழி இருக்கிறது. மேலே சொன்ன அளவுக்குப் பத்து கிராம் சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, அது தின்னும் ஆறு கிராம் சோடாவைக் கூடுதலாகச் சேர்த்தால் (மொத்தம் 80) சோடியம் சிட்ரேட் உண்டாகும், அது கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். குளித்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுத் தலையில் ஊற்றினால் மிச்சப் பிசுக்கு ஓரளவு போகும். இரண்டையும் செய்தேன். தேவலை, அவ்வளவுதான். அதே கட்டியைச் சிறுவாணியில் போட்டு அலசியபோது தலை பட்டு மாதிரி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குடிதண்ணீரில் தலைக்குக் குளித்தால் எங்கள் தெருவில் பேச்சு வாங்காமல் இருக்க முடியாது.

இன்னொன்று, நல்லெண்ணெய் அவ்வளவு போட்டது தப்பு. மூணாவது மாதம் கட்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்து சிக்கு வாடை அடித்தது. நம் ஊர் வெயிலுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதே நல்லது.

சோப் பேஸுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. உருக்கு, பொடி போடு, அச்சில் ஊற்று, இருபது நிமிஷ வேலை. "காஸ்டிக் சோடா இல்லாதது" என்று சொல்லி விற்கிறார்கள். சோடா இல்லாமல் சோப்பு கிடையாது, உங்களுக்குப் பதில் தொழிற்சாலையில் யாரோ அதைக் கலந்துவிட்டார்கள், அவ்வளவே. பெரும்பாலான பேஸ்கள் கிளிசரின் கலந்த சோப்புதான், அதனால் உப்புத் தண்ணீரில் அதே திரி, அதே பிசுக்கு. மழைக்காலத்தில் கட்டி வியர்த்து வழியும். ஒரு ஸ்பூன் சீயக்காய்த்தூள் போட்டு அதைச் சீயக்காய் ஷாம்பு பார் என்று சொல்வதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்: சீயக்காயின் அருமையே அதன் லேசான புளிப்பில் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் காரத்தில் போட்டால் மிஞ்சுவது பழுப்பு நிறமும் தலையில் உறுத்தும் துகளும். சோடாவில் செய்யும் சோப்புக்கும் இதே கதைதான். பிள்ளைகளோடு விளையாட்டாகச் செய்து கையலம்ப வைத்துக்கொள்ளலாம்.

எஸ்சிஐ என்ற பெயரைக் கேட்டதும் "இது கெமிக்கல் ஆச்சே" என்பார்கள். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், தேங்காயெண்ணெய்க் கொழுப்பமிலத்திலிருந்து வருவது, தொழிற்சாலையில் செய்வதுதான். காஸ்டிக் சோடா மட்டும் என்ன, தோட்டத்திலா காய்க்கிறது? 1957-ல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டியின் முக்கியப் பொருளே இதுதான். கால்சியத்தோடு சேர்ந்து திரியாது, பிஎச்சை ஐந்தரை, ஆறில் வைக்கலாம், கண்ணில் பட்டாலும் சோப்பளவு எரியாது.

இருநூறு கிராமுக்கு என் அளவு: எஸ்சிஐ 120, கோகமிடோபுரோப்பில் பீட்டெய்ன் (நுரைக்குச் சேர்க்கும் திரவம்) 36, சீட்டைல் ஆல்கஹால் (கட்டியை இறுக்கும் மெழுகு மாதிரியான பொருள்) 20, விளக்கெண்ணெய் 10, தண்ணீர் 12, பிரிசர்வேட்டிவ் 2 (டப்பாவில் போட்ட அளவைப் பார்த்து). தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, எஸ்சிஐயையும் பீட்டெய்னையும் தண்ணீரையும் பிசைந்து பிசைந்து இளக்க வேண்டும். சுலபத்தில் உருகாது, உப்புமா மாதிரி கட்டிகட்டியாக நிற்கும், பொறுமையாக மசித்தால் கொழுக்கட்டை மாவு பதம் வரும். அப்போது சீட்டைலையும் எண்ணெயையும் உருக்கிச் சேர்த்து, கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் பிரிசர்வேட்டிவ் கலந்து, அச்சில் அழுத்தி, ரெண்டு மூணு நாள் காய விட்டால் முடிந்தது. தூளை அளக்கும்போது மட்டும் மாஸ்க் போடுங்கள். நான் போடாமல் கொட்டி, அரை மணி நேரம் தும்மினேன். பிஎச் பார்க்க, ஒரு கிராம் சீவலை ஒன்பது கிராம் தண்ணீரில் கரைத்து பிஎச் காகிதப் பட்டையை நனைத்தால் போதும். அதிகமாகக் காட்டினால் அடுத்த தடவை ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம்.

குறை? பொருள்களை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது, செலவு சோப்பைவிடக் கூட. தண்ணீர் தேங்கும் சோப்பு டப்பாவில் வைத்தால் கூழாகிவிடும், ஓட்டை போட்ட தட்டு வேண்டும். ஆனால் போர் பாட்டிலில் சீவிப் போட்டுக் குலுக்கியபோது திரியே இல்லை. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

அம்மாவுக்கு ஆகவில்லை. நான் அடுப்படியில் மாஸ்க்கோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்தனை பாடுபடறதுக்கு ரெண்டு கை அரப்பைக் கஞ்சியில கலக்கித் தேச்சா ஆகாதா?" என்றார். ஆகும்தான். உசிலை இலையைக் காயவைத்து இடித்த பச்சைப்பொடி, சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் வழவழவென்று வரும். எண்ணெய் வைத்த தலையை அதைப்போல் எதுவும் எடுக்காது, தலையை வறட்டுவதும் இல்லை. இதில் சோப்பே இல்லாததால் உப்புத் தண்ணீரில் திரிகிற தொல்லையும் இல்லை. சீயக்காயும் இப்படித்தான், எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். கண்ணில் விழுந்தால் ரெண்டும் உயிர் போகும். அவ்வப்போது குழைத்துக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புளித்து நாறும். பாத்ரூம் முழுக்கப் பச்சையாகும், வடிகாலில் சக்கை அடைக்கும். காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டியவள் நான், வாரத்தில் மூணு நாள் இதைச் செய்ய முடியாது. அரப்பையே கட்டியாகப் பிடித்தால் என்ன என்று மைதா சேர்த்துப் பிடித்துக் காயவைத்தேன். நாலாம் நாள் பூசணம் பூத்தது.

இப்போது எங்கள் வீட்டில் எஸ்சிஐ கட்டி எனக்கும் மகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு. மிஞ்சிய காஸ்டிக் சோடா சோப்பு பதினோரு கட்டி, அத்தனையும் உடம்புக்கு ஓடுகிறது. அது போக ரெண்டு கட்டியை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் சித்திக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஆற்றுத் தண்ணீர், தலைக்கே போடுகிறார், அடுத்தது எப்போது செய்வாய் என்று போன் மேல் போன்.