‘பிவிசி இல்லவே இல்லை சார்’ என்று சொல்லி விற்ற ஆல்பம்: 21,850 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நினைவு நாணயங்களை வீட்டில் ஆல்பத்தில் போட்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

பாழானது இரண்டு நாணயங்கள். ஒன்று, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்காக 2010 என்று பொறித்து வந்த ஆயிரம் ரூபாய் நாணயம். இன்னொன்று, தாகூரின் 150வது பிறந்த ஆண்டுக்கான நூற்றைம்பது ரூபாய் நாணயம். இரண்டும் வெள்ளி கலந்தவை, சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக அடிக்கும் ப்ரூஃப் ரகம். ஒவ்வொன்றும் 35 கிராம் எடை, உருவம் இல்லாத வெற்றுப் பரப்பில் முகம் பார்க்கலாம். அம்மா தஞ்சாவூர்க்காரர். அரசு நாணய ஆலையில் முன்பணம் கட்டிப் பதிவு செய்து, காத்திருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்.

ஆல்பம் வாங்கியது நாணயமும் அஞ்சல்தலையும் விற்கும் ஒரு கடையில். கண்காட்சிகளிலும் ஸ்டால் போடுவார்கள், பெயர் வேண்டாம். போனவுடன் நான் கேட்ட முதல் கேள்வியே, “இதுல பிவிசி இருக்கா?” என்பதுதான். பிவிசி என்பது நாணயத்தைக் கெடுக்கும் ஒரு வகை பிளாஸ்டிக். “இல்லவே இல்லை சார், ஆர்க்கைவல் குவாலிட்டி” என்றார். அதாவது, வருஷக்கணக்கில் வைத்தாலும் உள்ளே இருப்பதைக் கெடுக்காத தரமாம். அதோடு விட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். குனிந்து மேசைக்குக் கீழேயிருந்து அதே மாதிரி ஒரு ஆல்பத்தை எடுத்துப் பிரித்து, பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்களைக் காட்டினார். “என் சொந்த கலெக்‌ஷனையே இதுலதான் வெச்சிருக்கேன்.” ஆலை கொடுத்த டப்பாவிலேயே இருக்கட்டுமே என்றதற்கு, அதிலுள்ள அட்டையும் வெல்வெட்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்றார். அதில் பாதி உண்மை உண்டு. சில அட்டைகளிலும் துணிகளிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் மீதிப் பொய்யை விற்றார். 1,850 ரூபாய் யுபிஐ-யில் அனுப்பினேன். பில்லில் ‘ஆல்பம் 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், தாகூர் நாணயத்தின் விளிம்போரம் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். தஞ்சை நாணயத்தில் கோயில் விமானத்துக்குப் பக்கத்து வெற்றுப் பரப்பு முழுக்கப் பால் சிந்தியது போல மங்கல். ஆல்பத்தைத் திறந்தாலே புது ரெயின்கோட் வாடை.

வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால், “சென்னை உப்புக்காத்து சார், நாங்க என்ன பண்ண முடியும்?” அடுத்த முறை, “கைபட்டிருக்கும்.” நான் ஓரத்தைத் தவிர வேறெங்கும் தொடுவதே இல்லை, அதுவும் பருத்திக் கையுறையோடு. அப்புறம், “வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும்.” ஐயா, இது கறுப்பு இல்லை, பச்சை! தாகூர் நாணயத்தில் வெள்ளி பாதிதான், 40 சதவீதம் தாமிரம். பிவிசி-யை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் கசிந்து நாணயத்தில் ஒட்டும். பிவிசி-யிலிருந்து வரும் குளோரின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அந்தத் தாமிரத்தைத் தின்னும். நாணயம் விற்றுப் பிழைப்பவருக்கு இது தெரியாதா? கடைசியாக நேரில் போனபோது, “கொண்டு வாங்க, பாலிஷ் போட்டுத் தர்றேன்” என்றார். ப்ரூஃப் நாணயத்துக்குப் பாலிஷ்! தேய்த்தால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பே போய்விடும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த ஆல்பத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறாராம்.

நாணயச் சங்கக் கூட்டத்துக்கு ஆல்பத்தைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரியவர் தாளின் மூலையில் நகக்கண் அளவு வெட்டிக்கொண்டார். செம்புக் கம்பியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, அந்தத் துண்டில் வைத்து இழுத்து, மறுபடி தீயில் காட்டினார். சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தது. பிளாஸ்டிக்கில் குளோரின் இருப்பதற்கான அடையாளம் அது, அதாவது பிவிசி. யாரும் ஒன்றும் பேசவில்லை.

சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்ததில் பிசுபிசுப்பு போய்விட்டது. அமிலம் அரித்த குழிகள் போகாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் விமானத்தின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கூட்டத்துக்கு வந்திருந்த வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, இரண்டும் சேர்ந்து 20,000 ரூபாய் விலை இறங்கிவிட்டது என்றார். ஆல்பத்தின் 1,850 சேர்த்தால் 21,850 ரூபாய். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வளவளவென்று மென்மையாக மடங்கும், வாடை அடிக்கும் பிளாஸ்டிக்கை நம்பாதீர்கள். பாலியெஸ்டர், அதாவது மைலார் உறை, இல்லையென்றால் கெட்டியான அக்ரிலிக் கேப்சூல், அதோடு சிலிக்கா ஜெல் பொட்டலம். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கிட்டவே வரக்கூடாது. புளி, விபூதி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அசிட்டோன் என்றால் நெயில்பாலிஷ் ரிமூவர் இல்லை. கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் ‘பிவிசி இல்லை’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்துவிட்டேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. 21,850 ரூபாயை விடுவதாக இல்லை.

பழுப்பு ரெக்ஸின் அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு, உள்ளே மெத்தென்ற கண்ணாடித் தாள். இதே ஆல்பம் உங்களிடமும் இருந்தால் நாணயங்களை இன்று இரவே வெளியே எடுத்துவிடுங்கள். ஆல்பத்தையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.