செயின் தேய்ந்ததா: விரலா, கேஜா, ஸ்கேலா?

"சைக்கிள் செயின் இழுத்துவிட்டது" என்று சொல்கிறோமே தவிர, அதில் எந்த இரும்பும் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும், கண்ணிகளைக் கோக்கும் சிறு கம்பியான 'பின்' (pin) சுழலும் இடம் மயிரிழை அளவுக்குத் தேய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் அது சேர்ந்து செயின் நீளமாகிறது. நீண்ட செயின் பல்சக்கரப் பற்களின் மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்து அவற்றையும் அரிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. நான் பல வருடம் நம்பியது விரலை. முன் பல்சக்கரத்தின் முன்நுனியில் செயினைப் பிடித்து இழுத்து, பல் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்ப்பேன். பல் நன்றாகத் தெரிந்தபோது மாற்றினேன். புதுச் செயின், ஏற்கெனவே தேய்ந்துபோன பின்பக்கப் பல்சக்கரத்தில் வழுக்கியது. விரல் சேதி சொல்லும், ஆனால் தாமதமாகச் சொல்லும்.

கேஜ், அதாவது செயின் தேய்மானத்தை அளக்கும் சிறு கருவி, வேகமானது. செயினுக்குள் நுழைத்து விழுகிறதா என்று பார்த்தால் போதும், ஐந்து வினாடி வேலை. ஆனால் சாதாரண கேஜ் இரண்டு முனையிலும் ரோலர்களை (பின்களைச் சுற்றி உருளும் வளையங்களை) எதிரெதிர்ப் பக்கம் தள்ளி அளக்கிறது. பற்களைக் கெடுப்பது பின்களின் தேய்மானம். கேஜ் அதோடு ரோலரின் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கு காட்டும். அதனால் நல்ல செயினையும் சில சமயம் தூக்கிப் போடச் சொல்லும். மூன்று இடத்தில் தொடும் கேஜ்களில் இந்தக் குறை இல்லை.

என் ஓட்டு ஸ்கேலுக்கு. கண்ணி நீளம் அரை அங்குலம் என்பதால், புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். செயினைத் துடைத்து, பெடலைக் கொஞ்சம் அழுத்தி விறைப்பாக்கி, ஒரு பின்னின் இடது விளிம்பில் பூஜ்யத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் இடது விளிம்பு நிற்க வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் தேய்மானம் சுமார் 0.5 சதவீதம், 1/8 என்றால் சுமார் 1 சதவீதம். பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள வண்டிக்கு 0.5-இலேயே மாற்றிவிடுவது நல்லது. 8 முதல் 10 வரை என்றால் 0.75 வரை விடலாம். கியர் இல்லாத வண்டி 1 வரை தாங்கும்.

சரி, பின்பக்கப் பல்சக்கரம் தேய்ந்ததா? பல்லின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கியர் சுலபமாக மாறுவதற்காகவே சில பற்களைப் பிறவியிலேயே குட்டையாகவும் கோணலாகவும் வெட்டியிருப்பார்கள். புதுச் செயினைப் போட்டு, உட்கார்ந்தபடியே அழுத்தி மிதித்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. (எழுந்து நின்று மிதிக்காதீர்கள். வழுக்கினால் முழங்கால்தான் பேசும்.) நீங்கள் அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு சக்கரங்களில் மட்டும் வழுக்கினால் அவை தேய்ந்தவை. எல்லாவற்றிலும் வழுக்கினால் முதலில் இறுகிய கண்ணியையும் கியர் கேபிளையும் பாருங்கள்.

அப்புறம், எதையுமே அளக்காமல் செயின், சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டித் தீர்க்கும் கட்சியும் உண்டு. மலிவான கியரில்லா வண்டியில் நானும் அந்தக் கட்சிதான். அங்கே ஸ்கேல் எடுப்பதே இல்லை.