‘நரம்பு வறண்டுபோச்சு’ என்று சொல்லிப் பொட்டல மாத்திரை தருகிறவர்களிடம் போகாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருக்கிறவர்கள் அவசியம் படியுங்கள். பேனிக் அட்டாக் (திடீரென்று வரும் கடும் பதற்றம்) வந்து போன பிறகு உடம்பில் தங்கும் வலியையும் அசதியையும் காட்டிப் பயமுறுத்தி என் தம்பியிடம் பணம் பறித்துவிட்டார்கள். போன பணத்தைவிட, கொடுத்த மாத்திரைதான் பெரிய கேடு.

தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். ஒரு ராத்திரி கடலில் நெஞ்சு அடைத்து, கை விறைத்து, செத்துவிடுவேன் என்று அலறியிருக்கிறான். கரைக்கு வந்ததும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, இதயத்தில் கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளும் விலாவில் வலி, விரல் நுனியில் சுருசுருப்பு, அடித்துப் போட்ட மாதிரி அசதி. “இதயம் நல்லாருந்தா ஏன்க்கா இப்படி வலிக்குது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இந்தக் கேள்வியை வைத்துத்தான் பொட்டல மாத்திரை தரும் அந்த ஆள் பிழைக்கிறார். பலகையில் பெயர் இருந்தது, பதிவு எண் இல்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நரம்பு வறண்டுபோச்சு, விட்டா வாதம் வந்துரும்” என்றார். குளுக்கோஸ் பாட்டில், மஞ்சள் ஊசி, காகிதப் பொட்டலத்தில் பெயர் தெரியாத மாத்திரை. ரசீது கிடையாது. சிறுநீர் மஞ்சளாகப் போனதும், நரம்பில் இருந்த கழிவு வெளியேறுகிறது என்று அதையே அத்தாட்சியாகக் காட்டினார். பி வைட்டமின் ஊசி போட்டால் யாருக்கும் அப்படித்தான் போகும். 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது வெறும் 25 கிராம் சர்க்கரை.

மாத்திரை போட்டதும் தம்பி நன்றாகத் தூங்கினான், எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. பொட்டலம் தீர்ந்ததும் நடுக்கம், தூக்கமின்மை, முன்பைவிட மோசமான படபடப்பு. திரும்பப் போனால் விலை ஏறியிருந்தது.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அறிகுறிகளைப் பார்த்தால் பதற்றத்தை அடக்கித் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரையாக இருக்கலாம் என்றார். அந்த மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும் கடை அதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு படகின் விளிம்பில் நின்று அவன் வலை இழுத்திருக்கிறான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

தம்பியின் கேள்விக்கு அந்த மனநல மருத்துவர்தான் பொறுமையாகப் பதில் சொன்னார். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரலும் உதடும் மரத்துப்போகின்றன. விலாத் தசைகள் இறுகி வேலை செய்ததால் வலி. உடம்பில் பாய்ந்த அட்ரினலின் என்ற ஹார்மோன் அடங்கியதும் அசதி. அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்துவிடும், இந்த மிச்சங்கள் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருந்துவிட்டுப் போகும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர், கொஞ்சம் நடை. கடலில் குடிக்கும் கட்டஞ்சாயாவைக் குறைக்கணும். திரும்பத் திரும்ப வந்தால் பேச்சு வழிச் சிகிச்சையும், பழக்கமாகிவிடாத மாத்திரைகளும் இருக்கின்றன. பழைய மாத்திரையைத் தன் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

நெஞ்சு வலி முதல் தடவை வந்தாலோ, தோள், தாடைக்குப் பரவினாலோ, மயக்கம் வந்தாலோ, பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் மனசு அடங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இதே மாதிரி பொட்டலம் யாராவது வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். மிச்ச மாத்திரையைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாங்கள் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் பொட்டலம் இருந்தால் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.