வயதான க்ளோசருக்குக் கோடிகள்: ஆபத்து பணத்திலா, வருஷத்திலா?

பேஸ்பாலில் க்ளோசரின் வேலை சுருக்கமானது. அணி ஓரிரு ரன் முன்னிலையில் இருக்கும்போது கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து மூன்று பேரை அவுட் ஆக்கிவிட்டுப் போக வேண்டும், நம் ஊர் இருபதாவது ஓவர் பௌலர் மாதிரி. சீசனில் 162 ஆட்டங்கள் இருந்தாலும் அவர் வீசுவது 60, 65 இன்னிங்ஸ்தான். இதற்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கோடி டாலர் கொடுக்கலாமா என்ற சண்டை ஒவ்வொரு டிசம்பரிலும் கிளம்பும். அணிகளுக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு: பெரிய க்ளோசரை நாலைந்து வருஷத்துக்குக் கட்டிப்போடுவது, வயதானவரை ஒரே வருஷத்துக்கு எடுப்பது, மற்ற அணிகள் கழற்றிவிட்டவர்களைத் தேற்றிக்கொள்வது.

முதல் வழியின் கதைகள் பெரும்பாலும் வயிற்றைக் கலக்கும். ரிலீவர்களில் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்கள், க்ளோசரும் அதில் ஒரு வகை) 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் எட்வின் டியாஸுடையது. 2022 நவம்பரில் மெட்ஸ் அணி 5 ஆண்டுக்கு 10.2 கோடி கொடுத்தது. அடுத்த மார்ச்சில் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில் புவேர்ட்டோ ரிக்கோ ஜெயித்ததும், மைதானத்திலேயே குதித்துக் கொண்டாடியபோது அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2023 சீசன் முழுக்கப் போச்சு. 2024 சுமார். 2025-இல் இஆர்ஏ 1.63, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட விடவில்லை. அசத்தினார், ஒப்பந்தத்திலிருந்த விலகும் உரிமையைப் பயன்படுத்தி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். இந்த வகை ஒப்பந்தங்களின் சூட்சுமமே இதுதான்: நன்றாக ஆடினால் ஆள் கிளம்பிவிடுவார், சொதப்பினால் உன்னிடமே இருப்பார்.

கொலராடோ ராக்கீஸ் அணியின் கதை இன்னும் மோசம். 3 ஆண்டுக்கு 5.2 கோடி கொடுத்து வேட் டேவிஸை எடுத்தார்கள். 2018-இல் 43 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி முடித்துக்கொடுத்த ஆட்டங்கள்), இரண்டு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடம். அடுத்த வருஷம் இஆர்ஏ 8.65. மூன்றாம் வருஷம் முடிவதற்குள் ஆளையே விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி? 60 இன்னிங்ஸ் மிகச் சின்ன அளவு. 20 ரன் விட்டால் இஆர்ஏ 3.00, நல்ல பௌலர். அதில் இரண்டே ராத்திரிகள் கூடுதலாக நாலு நாலு ரன் போனால் 4.20, ‘முடிஞ்சுபோன கேஸ்’ என்பார்கள். கைத்திறன் அதேதான். இதை வைத்து ஐந்து வருஷத்துக்கு விலை பேசுவது எப்படி?

இரண்டாவது வழியிலும் இதே பிரச்சினை உண்டு. 2024-இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸின் கிர்பி யேட்ஸ், 37 வயதில், இஆர்ஏ 1.17, 33 சேவ், 85 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை அவுட் ஆக்குவது). 2025-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் அரோல்டிஸ் சாப்மன், அதே 37 வயதில், இஆர்ஏ அதே 1.17, 32 சேவ், ஸ்ட்ரைக்அவுட் அதே 85. அச்சு அசல். ஆனால் யேட்ஸின் அந்தக் கணக்கைப் பார்த்து 1.3 கோடிக்கு எடுத்த டாட்ஜர்ஸுக்கு மறுவருஷம் கிடைத்தது 5.23. சாப்மனுக்கோ முந்தைய வருஷக் கணக்கு 3.79, வாக் (நாலு பந்து தப்பாக வீசி ஆளைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்புவது) மட்டும் 39. நம்பி எடுக்க அதில் ஒன்றுமில்லை. பாஸ்டனில் வாக் 15-ஆகக் குறைந்தது. விலை 1.075 கோடிதான்.

ஆக ஒரு வருஷ ஒப்பந்தமும் சூதாட்டம்தான். வித்தியாசம், தோற்றால் அக்டோபரோடு முடிந்துவிடும். ஜெயித்தாலும் இன்னொரு லாபம் இருக்கிறது. 2023-இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் இதே சாப்மனை 37.5 லட்சத்துக்கு எடுத்து, பாதி சீசனில் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டது. பதிலுக்கு வந்தவர் கோல் ரேகன்ஸ், மறுவருஷமே ஆல்-ஸ்டார் ஆன ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர். ரேஞ்சர்ஸ் அந்த வருஷம் உலகத் தொடரை, அதாவது சீசனின் இறுதிப் போட்டித் தொடரை, வென்றது. இரண்டு பக்கமும் சிரித்த வியாபாரம்!

மூன்றாவது வழி டாம்பா பே ரேஸ் அணியின் பிழைப்பு. பீட் ஃபேர்பேங்க்ஸ் இரண்டு முறை முழங்கை அறுவை செய்துகொண்டவர். 2019-இல் ரேஞ்சர்ஸிடமிருந்து பண்டமாற்றில் வாங்கி, கடைசி மூன்று சீசன்களிலும் 20-க்கு மேல் சேவ் எடுக்கவைத்து, 1.1 கோடி கொடுக்க வேண்டிய கட்டம் வந்ததும் வழியனுப்பிவிட்டார்கள். மலிவு, ஆனால் எல்லா அணிக்கும் ஆகாது. நல்ல பயிற்சியாளர் வேண்டும், தேறாத நாலு பேரைச் சகித்துக்கொள்ளும் ரசிகர்களும் வேண்டும்.

‘டாட்ஜர்ஸ் பணத்தைக் கொட்டித்தானே ஜெயிக்கிறது?’ என்று கேட்பார்கள். 2025 செப்டம்பர் 6, பால்டிமோர். டாட்ஜர்ஸின் ஸ்டார்ட்டர் யமமோட்டோ ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை வந்துவிட்டார். ஸ்கோர் 3-0. பால்டிமோரின் ஜாக்சன் ஹாலிடே ஒரு ஹோம் ரன் அடித்ததும் யமமோட்டோவை எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுக்கு 2.2 கோடி வாங்கிய ரிலீவர் ட்ரைனனை அனுப்பினார்கள். ஒரு டபுள் (இரண்டாம் தளம் வரை போன அடி), ஒருவர் உடம்பில் பந்து, இரண்டு வாக், 3-2. அப்புறம் நாலு ஆண்டுக்கு 7.2 கோடி வாங்கிய டானர் ஸ்காட். ஒரே ஒரு அவுட் போதும். ஒரு சிங்கிள் (முதல் தளம் வரை போன அடி), தளங்களில் நின்ற இருவர் ஓடி இரண்டு ரன், ஆட்டம் கைமாறியது. அந்த வருஷம் ஸ்காட் பாழாக்கிய சேவ் மட்டும் 10.

அதே அணி அந்த வருஷ உலகத் தொடரையும் வென்றது, உண்மை. ஆனால் ஸ்காட் பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில்) ஒரு பந்துகூட வீசவில்லை. கடைசி இன்னிங்ஸ்களைப் பலமுறை முடித்துக்கொடுத்தவர் 65 லட்சம் போனஸில் வந்த ரோக்கி சசாகி. உலகத் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டத்தை முடித்ததோ முந்தின இரவுதான் ஸ்டார்ட்டராக வீசியிருந்த யமமோட்டோ. பிறகும் அவர்கள் டியாஸுக்கு 3 ஆண்டு, 6.9 கோடி கொடுத்திருக்கிறார்கள் என்றால், தவறிப்போனாலும் தாங்கும் கல்லா அது. ஐந்து ஆண்டு தராமல் மூன்றில் நிறுத்தியதையும் கவனிக்க வேண்டும்.

ராக்கீஸ் மாதிரி ஓர் அணியின் பொறுப்பு என்னிடம் இருந்தால், டியாஸின் ஒரு வருஷச் சம்பளமான 2.3 கோடியைப் பிரித்து, சாப்மன் வகையில் இரண்டு பேரை ஒரே ஒரு வருஷத்துக்கு எடுப்பேன். ஒருவர் கவிழ்ந்தால் இன்னொருவர். இருவரும் தேறினால், ஜூலையில் ஒருவரை விற்றுவிடலாம்.