கும்பகோணத்தில் பித்தளைச் சாமிக்குப் பாலிஷ்

கும்பகோணத்தில் பித்தளைச் சாமிக்குப் பாலிஷ் போட ஆள் தேடி அலைய வேண்டாம். பாத்திரக் கடைத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். எப்படிப் பாலிஷ் போடுவார்கள் என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து போனபோது, பூட்டிக் கிடந்த அம்மா வீட்டுப் பூஜை அறையில் பிள்ளையார், தவழும் கிருஷ்ணர், ஒரு ஜோடி குத்துவிளக்கு எல்லாமே கறுத்துப்போயிருந்தன. பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போன கடையில், "வச்சுட்டுப் போங்கக்கா, சாயங்காலம் வந்தா புதுசு மாதிரி இருக்கும்" என்றார்கள். வேலை முடிந்து அடுக்கியிருந்த சிலைகளைப் பார்த்தேன். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் அம்மனுக்கு மூக்கு மழுங்கி, கண் வெறும் கீறலாக இருந்தது. ஆசிட்டில் முக்கி எடுத்து, சுழலும் துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கிறார்கள். அண்டாவுக்கும் தாம்பாளத்துக்கும் அது போதும். சிலையில் மேடான இடம்தான் முதலில் தேயும். முகத்தில் மூக்கும் புருவமும் உதடும்தானே மேடு! இடுக்கில் தங்கிய ஆசிட் பிறகு பச்சைக் களிம்பாக வெளியே வரும். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் ஊர். மண் அச்சை உடைத்து எடுத்தபின் கண், விரல், நகை எல்லாம் உளியால்தான் தெளிவாகும். நான் போன பட்டறை ஸ்தபதி கிருஷ்ணரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல மெஷின் படவே கூடாதும்மா, உளி வேலை போயிடும்" என்றார். கூலி பாலிஷ் கடையைவிட அதிகம், அன்றைக்கே கையில் கிடைக்கவும் இல்லை. ஆனாலும் பிள்ளையாருக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி ஆடிக்கொண்டிருந்ததைப் பற்றவைத்து, எல்லாவற்றையும் கையாலேயே துலக்கிக் கொடுத்தார். எனக்கு அந்தக் கூலி நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் செய்ய அவர் சொன்ன முறை எளிது. முதலில் வெதுவெதுப்பான நீரில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிசுக்கு இருக்கும்வரை புளி வேலை செய்யாது. அப்புறம் புளிக்கரைசலை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து உடனே கழுவிவிட வேண்டும். ஊறப் போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டு விழும். எலுமிச்சம்பழத்தோடு உப்பு சேர்க்கும் வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. இடுக்கில் உப்பு தங்கினால் பச்சை பூக்குமாம். ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காட்டி, கடைசியில் வறண்ட விபூதியால் ஒரு தேய்ப்பு. அபிஷேகம் செய்த பாலும் பஞ்சாமிர்தமும் மடிப்புகளில் காய்ந்திருந்தால் மூங்கில் குச்சிதான், ஊசி கூடாது. பஞ்சலோகச் சிலையின் பழுப்பு நிறத்தைத் தேய்த்து மஞ்சளாக்கப் பார்க்காதீர்கள்; அது அழுக்கு அல்ல.

புதிதாக வாங்குகிறவர்கள், கறுக்காமல் இருக்க மேலே பூசும் லாக்கர் (lacquer) என்ற மெல்லிய பூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் வைக்க அது நல்லது, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அபிஷேகத்துக்கு ஆகாது. பூச்சு உரிந்த இடம் மட்டும் கறுத்து, சாமி தேமல் வந்தவர் மாதிரி நிற்பார்.

விளக்குகளை, குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோயிலுக்கு எடுத்துப் போனேன். அடி, தண்டு, அகல், உச்சி அன்னம் எல்லாம் திருகிக் கோக்கும் துண்டுகள். ஒன்றில் மரை தேய்ந்து சாய்ந்திருந்தது. நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் சரிசெய்து வைத்திருந்தார்கள்.

இனி விமானம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் இந்தியப் பழம்பொருள் சட்டம் விடாது. எங்கள் பிள்ளையார் பாட்டியின் அம்மா வைத்துக் கும்பிட்டவர் என்பதால், அவரைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டேன். புதுச் சிலைக்கும் கடை ரசீதை வாங்கிக் கையோடு வைத்திருங்கள். பழசு மாதிரி நிறமேற்றிய சிலை என்றால், பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. கிளம்புகிற நாளில் அதற்கு நேரம் கிடைக்காது.